வட்டக் கீறல் விழுந்து மங்கிப்போன கார் பெயின்ட்டைப் பாலிஷ் செய்து மீட்கும் முறை

கறுப்பு, அடர்நீலம், அடர்சிவப்பு போன்ற நிறங்களில் உள்ள ஒரு காரை வெயிலில் நிறுத்தி, பானெட்டில் சூரியன் பிரதிபலிக்கும் இடத்தை உற்றுப் பார்த்தால், அந்த ஒளியைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியும். அவை வட்டமாகத் தோன்றினாலும் பெரும்பாலும் எல்லாத் திசைகளிலும் ஓடும் நேர்க்கீறல்களே. ஒளிக்கதிருக்குக் குறுக்காக அமைந்தவை மட்டும் மின்னுவதால் கண்ணுக்கு வட்டமாகப் படுகின்றன. வெள்ளை, வெள்ளி நிறக் கார்களிலும் இவை இருக்கும், எளிதில் தெரியாது. காரைத் துடைக்கும் முறையே பெரும்பாலும் இவற்றுக்குக் காரணம். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரே துணியையும் கொண்டு வரிசையாகப் பல கார்களைத் துடைக்கும் வழக்கம் உண்டு. முதல் காரிலிருந்து துணியில் ஏறிய மணல் அடுத்தடுத்த கார்களின் மேல் தேய்க்கப்படும்போது ஒவ்வொரு நாளும் புதிய கீறல்கள் சேர்கின்றன. காய்ந்த தூசியை நீரில்லாமல் துணியால் தட்டித் துடைப்பது இதைவிடத் தீங்கானது.

வேலையில் இறங்குவதற்கு முன், எதைத் தேய்க்கப்போகிறோம் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். இன்றைய கார்களில் உலோகத் தகட்டின் மேல் துருத்தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப்பூச்சு, அதற்கும் மேலே நிறமற்ற கிளியர் கோட் என அடுக்குகள் உள்ளன. தொழிற்சாலையில் பூசப்பட்ட மொத்தக் கனம் பொதுவாக 90 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். இதில் கிளியர் கோட்டின் பங்கு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்ரான் மட்டுமே. வெயிலின் புறஊதாக் கதிர்களிலிருந்து நிறத்தைக் காப்பது இந்த அடுக்கே. பாலிஷ் செய்வது என்றால், கீறலின் அடிமட்டம் வரை அல்லது அதன் விளிம்புகள் மழுங்கும் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டைத் தேய்த்து எடுப்பதாகும். எடுத்தது திரும்பி வராது. ஆகவே எல்லாக் கீறல்களையும் நீக்கியே தீருவேன் என்று இறங்குவதைவிட, கண்ணை உறுத்துபவற்றை நீக்கிவிட்டு, ஆழமாகப் போன சிலவற்றை அப்படியே விட்டுவிடுவது அறிவுடைய செயல். பத்தாண்டுகள் வைத்து ஓட்டப்போகும் காருக்கு இது இன்னும் பொருந்தும்.

முதலில் நோயைக் கண்டறிதல்

கீறலின் குறுக்காக நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அந்தக் கீறல் பாலிஷால் பாதுகாப்பாக நீக்க முடியாத அளவு ஆழமானது. மேலடுக்கு வெண்மையாகப் பொருக்கு விட்டு உரிந்திருந்தால் கிளியர் கோட்டே செத்துவிட்டது என்று பொருள். அந்தப் பகுதிக்கு மறு பெயின்ட் ஒன்றே வழி, எந்தக் காம்பவுண்டும் (பெயின்ட்டைத் தேய்த்தெடுக்கும் நுண்துகள் கலந்த பாலிஷ் நீர்மம்) உதவாது. வெயிலில் கிடந்த கார்களின் கூரையிலும் பானெட்டிலும் டிக்கி மூடியிலும் இது முதலில் தோன்றும் என்பதால் அந்த இடங்களைத் தனியாகச் சோதியுங்கள். கிளியர் கோட் இல்லாத பழைய ஒற்றை அடுக்குப் பெயின்ட் என்றால், வெள்ளைத் துணியில் சிறிது பாலிஷ் வைத்துத் தேய்க்கும்போது காரின் நிறம் துணியில் ஏறும். அத்தகைய பெயின்ட் சுண்ணாம்பு போல மங்கியிருந்தாலும் நன்றாகவே மீளும். ஆனால் ஒவ்வொரு தேய்ப்பிலும் நிறமே குறைகிறது என்பதை மறக்கக் கூடாது.

பெயின்ட் கனத்தை அளக்கும் கருவி கிடைத்தால் ஒவ்வொரு பகுதியிலும் பல இடங்களில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கதவு மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினால் அது மறு பெயின்ட் செய்யப்பட்டது. பல நூறு மைக்ரான் காட்டினால் உள்ளே பட்டி பூசப்பட்டிருக்கிறது. சாதாரணக் கருவி மொத்தக் கனத்தைத்தான் சொல்லும், கிளியர் கோட்டின் கனத்தைத் தனியே சொல்லாது. பிளாஸ்டிக் பம்பரில் அது வேலையும் செய்யாது. எனவே அளவு நன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பிக் கடுமையாகத் தேய்க்கக் கூடாது.

நம் பகுதிகளுக்கே உரிய இன்னொரு தொல்லை உப்புக்கறை. ஆழ்துளைக் கிணற்று நீரால் கழுவிய காரை வெயிலில் காயவிட்டால், நீர் ஆவியாகி, அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் வெள்ளைப் புள்ளிகளாகப் படிகின்றன. வெள்ளை வினிகரைச் சம அளவு டிஸ்டில்டு வாட்டரில் கலந்து, துணியில் நனைத்து, குளிர்ந்த பெயின்ட்டின் மேல் ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு உடனே கழுவினால் மேலோட்டமான படிவு கரைந்துவிடும். பேட்டரிக்கு ஊற்றுவதற்காகக் கடைகளில் விற்கும் நீரே இதற்குப் போதும். கழுவிய பிறகும் புள்ளியின் விளிம்பு பள்ளமாகத் தெரிந்தால் அது கிளியர் கோட்டையே அரித்துவிட்டது. அதைப் பாலிஷால்தான் குறைக்க முடியும். காக்கை, புறாக்களின் எச்சமும் வெயிலின் சூட்டில் இதே போல அரிக்கும்.

கழுவுதலும் மேற்பரப்பைத் தயார் செய்தலும்

இரண்டு வாளிகள் வேண்டும்: ஒன்றில் கார் ஷாம்பு கலந்த நீர், மற்றதில் கையுறையை அலசுவதற்கான வெறும் நீர். முதலில் வேகமான நீரால் மண்ணை இறக்கிவிட்டு, மேலிருந்து கீழாக மைக்ரோஃபைபர் கையுறையால் கழுவுங்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி வைத்துக்கொள்ளுங்கள். கழுவிய பின் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவினால், வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பும் தெரியும். பிரேக்கிலிருந்து தெறித்த இரும்புத் துகள், மரப்பிசின், தார், பெயின்ட் தூசி ஆகியவை அப்படி ஒட்டியிருக்கும். தாரை அதற்கான கரைப்பானால் துடைத்துவிட்டு, எஞ்சியதைக் கிளே பார் எனப்படும் களிமண் போன்ற மென்கட்டி கொண்டு, வழுக்கிச் செல்வதற்கான நீர்மத்தை நிறையத் தெளித்து, அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேய்த்து எடுங்கள். கிளே தரையில் விழுந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் துகள் ஒரு முழுக் கதவையும் கீறிவிடும்.

நன்றாகத் துடைத்து உலர்த்திய பிறகு, ரப்பர் பட்டைகள், கறுப்புப் பிளாஸ்டிக் பகுதிகள், சின்னங்கள், கதவுகளின் கூர்மையான விளிம்புகள், உடலில் ஓடும் மடிப்புக் கோடுகள் ஆகியவற்றின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். விளிம்புகளில் பெயின்ட் இயல்பாகவே மெல்லியதாக இருக்கும். பாலிஷ் இயந்திரத்தில் மாட்டும் பேட்டின் (மெத்தை போன்ற தேய்ப்புப் பகுதி) அழுத்தமும் சூடும் அங்கேதான் குவியும்.

இயந்திரம், பேட், காம்பவுண்ட்

ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி இயந்திரம் விரைவாக வெட்டும், விரைவாகவே சூடேற்றும். பழகாத கையில் அது நிழல்போன்ற தடங்களை விடும், விளிம்பில் நிறம் வரை போய்விடும். வீட்டில் செய்பவர் சுழற்சியோடு அசைவும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் பாலிஷரையே வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 8 மில்லிமீட்டர் அசைவு கொண்டவை எளிதில் கிடைக்கின்றன; இத்தாலியின் ரூப்பெஸ் நிறுவனம் பரவலாக்கிய 15, 21 மில்லிமீட்டர் வகைகள் பரந்த பகுதிகளில் வேலையை வேகமாக முடிக்கும். கையால் தேய்ப்பது கதவுக் கைப்பிடிக் குழி போன்ற சிறு இடங்களுக்கு மட்டுமே ஏற்றது.

பேட்டுகளில் கம்பளியும் மைக்ரோஃபைபரும் அதிகம் வெட்டுபவை. கடினமான ஃபோம் இடைநிலை. மென்மையான ஃபோம் இறுதி மெருகுக்கு. பாலிஷ் நீர்மங்களிலும் இதே போன்ற படிநிலைகள் உண்டு. மெகுயர்ஸ் எம் 105, மென்செர்னா 400 ஆகியவை கடுமையாக வெட்டும் காம்பவுண்டுகள். எம் 205, மென்செர்னா 3800 ஆகியவை இறுதி மெருகுக்கானவை. குறைந்த விலையில் கிடைக்கும் சில ரப்பிங் காம்பவுண்டுகள் கீறலை எண்ணெயால் நிரப்பி மறைத்துவிட்டு, சில கழுவுதல்களில் மறுபடி வெளிக்காட்டிவிடும். ஐந்தாறு பேட்டுகளையாவது வாங்கிக்கொள்ளுங்கள். பேட் ஈரமாகி அடைத்துக்கொண்ட பின்னும் அதிலேயே தொடர்வதுதான் பல முயற்சிகள் பாழாவதற்குக் காரணம்.

சோதனைப் பகுதி

இந்த வேலையின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, எனவே இதற்கு நேரம் ஒதுக்கத் தயங்காதீர்கள். கிளியர் கோட்டின் கடினம் காருக்குக் கார் மாறும். ஒரே காரில் மறு பெயின்ட் செய்த கதவும் தொழிற்சாலைப் பெயின்ட் உள்ள கதவும் வேறுவேறாக நடந்துகொள்ளும். பானெட்டில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி அளவில் ஒரு சதுரத்தை டேப்பால் பிரித்து, மிக மென்மையான இணையிலிருந்து தொடங்குங்கள்: இறுதி மெருகு நீர்மமும் மென்மையான ஃபோமும். கீறல்கள் போதுமான அளவு மறைந்தால் முழுக் காருக்கும் அதுவே போதும். மறையாவிட்டால் முதலில் பேட்டை மட்டும் ஒரு படி கடினமாக்கிப் பாருங்கள்; அதற்கும் மசியாவிட்டால் நீர்மத்தை மாற்றுங்கள். ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும்.

புதிய பேட்டின் முகம் முழுவதும் நீர்மத்தைத் தடவி ஊறவிட்டு, அதன் மேல் பட்டாணி அளவில் மூன்று அல்லது நான்கு சொட்டுகள் வையுங்கள். இயந்திரத்தை இயக்காமல் சதுரம் முழுவதும் ஒற்றி, குறைந்த வேகத்தில் பரப்பி, பிறகு இயந்திரத்தின் ஆறு வேகப் படிகளில் நான்கு அல்லது ஐந்தாம் படிக்கு உயர்த்துங்கள். நொடிக்கு ஓர் அங்குலம் அல்லது அதைவிடச் சற்று வேகமாக, ஒவ்வொரு வரிசையும் முந்தையதன் பாதியை மூடும்படி, முதலில் கிடையாகவும் பிறகு செங்குத்தாகவும் நகருங்கள். நான்கு முதல் ஆறு முறை கடப்பது வழக்கம். கடைசி இரண்டில் இயந்திரத்தின் எடையை மட்டும் விட்டு அழுத்தத்தைக் குறையுங்கள். பேட்டைத் தாங்கும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டுக்கொண்டால், அது சுழல்கிறதா, வெறுமனே அதிர்கிறதா என்பது தெரியும். சுழற்சி நின்றால் அழுத்தம் அதிகம் அல்லது பேட் சாய்ந்திருக்கிறது.

துடைத்த பின், ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை 15 விழுக்காடு அளவில் நீரில் கலந்து தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றித் துடையுங்கள். எண்ணெய்ப் பசை போன பிறகு தெரிவதே உண்மையான நிலை. எல்.இ.டி. டார்ச்சைப் பல கோணங்களில் காட்டிப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் குறையே தெரியாத பெயின்ட் வெயிலுக்கு வந்ததும் முழுவதையும் காட்டிக்கொடுக்கும்.

முழுக் காருக்கும் செல்லுதல்

சோதனையில் வென்ற முறையை அப்படியே பகுதி பகுதியாகத் தொடருங்கள். நிழலில், பெயின்ட் கையால் தொடக் குளிர்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கோடைக்காலத்தில் விடியற்காலையோ, வெயில் தாழ்ந்து தகடு ஆறிய மாலையோ ஏற்றது. ஒவ்வொரு சதுரம் முடிந்ததும் பேட்டைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் பம்பர் சூட்டைக் கடத்தாமல் தன்னிடமே தேக்கிவைக்கும் என்பதால் அங்கே வேகத்தையும் அழுத்தத்தையும் குறைத்து, அவ்வப்போது புறங்கையால் தொட்டுப் பாருங்கள். கடுமையான காம்பவுண்ட் பயன்படுத்தியிருந்தால் அடர்நிறங்களில் மெல்லிய புகைபோன்ற மங்கல் எஞ்சும். மென்மையான ஃபோமும் இறுதி மெருகு நீர்மமும் கொண்டு இன்னொரு சுற்று போனால்தான் நிறத்தின் ஆழம் வெளிவரும். இந்தச் சுற்றைச் சோம்பலால் விட்டுவிடாதீர்கள், கறுப்புக் காருக்கு அது கட்டாயம்.

முடிந்ததும் மீண்டும் ஆல்கஹால் கலவையால் துடைத்துப் பாதுகாப்புப் பூச்சு இடுங்கள். கார்னோபா மெழுகு அழகாக இருக்கும், நம் வெயிலில் சில வாரங்களே தாங்கும். செயற்கை சீலன்ட் சில மாதங்கள் நிற்கும். செராமிக் பூச்சு இன்னும் நீடிக்கும், ஆனால் பூசிய பின் உற்பத்தியாளர் சொல்லும் நேரம் வரை அதன் மேல் நீர் படக் கூடாது. இவற்றில் எதுவும் மணல் ஒட்டிய துணியைத் தாங்காது. நாள்தோறும் காரைத் துடைப்பவரிடம் கண்ணாடியையும் சக்கரத்தையும் மட்டும் துடைத்தால் போதும் என்று சொல்லிவிட்டு, பெயின்ட்டை வாரம் ஒருமுறை இரண்டு வாளி முறையில் நீங்களே கழுவி, உப்பு படியும் முன் நிழலிலேயே துடைத்து உலர்த்துங்கள்.