சியன்னாவுக்குப் பின்னால் 14 அடிப் படகு: முதல்முறை இழுப்பவர்களுக்கு

போன வருடம் மே மாதம் ஒரு 14 அடி அலுமினியப் படகு வாங்கினோம். பழையதுதான். 20 குதிரைவலு எஞ்சின், ட்ரெயிலர், இரண்டு துடுப்பு எல்லாம் சேர்த்தே தந்தார்கள். ஊரில் வள்ளம் என்றால் கரையிலேயே ஏற்றிப் போட்டிருப்பார்கள், அடுத்த நாள் விடிய அதே இடத்தில் தள்ளி இறக்குவார்கள். இங்கே கனடாவில், ஸ்காபரோவில், படகு வீட்டு வாசலில் படுத்திருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு மணித்தியாலம் றோட்டில் ஓடித்தான் தண்ணீரைத் தொடும். நாங்கள் வழக்கமாகப் போவது போர்ட் பெரிக்கு, ஸ்கூகோக் ஏரிக்கு.

படகு ஓட்டச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். அதை வீட்டிலிருந்து ஏரிவரை பத்திரமாகக் கொண்டுபோவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன். படகுக்கான உரிமம், ஓட்டுநர் அட்டை பற்றியெல்லாம் இதில் இல்லை. வாசலிலிருந்து தண்ணீர்வரை மட்டும்.

முதலில் எடை

கார்க் கையேட்டை எடுத்து, இழுவை எடை எவ்வளவு என்று பாருங்கள். எங்களுடையது பழைய வி-6 டொயோட்டா சியன்னா வான். கையேட்டில் 3,500 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 1,590 கிலோ என்று இருக்கிறது. ஹோண்டா சிஆர்-வி வைத்திருப்பவர்களுக்கு 1,500 பவுண்டு, 680 கிலோ. உங்கள் காருக்கு உங்கள் கையேடு சொல்வதுதான் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரர் அதே காரில் இதைவிடப் பெரியதை இழுக்கிறார் என்பது கணக்கில்லை.

எங்கள் பாரம் இப்படி வந்தது: படகு 135 கிலோ, எஞ்சின் 52, ட்ரெயிலர் 150, 25 லீட்டர் பெட்ரோல் 18, பட்டரி 20, நங்கூரம், உயிர்காப்பு அங்கி, ஐஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 45. மொத்தம் 420. இந்த அளவுப் படகைச் சின்னக் கார்களும் இழுக்கும். ஆனால் காருக்குள் ஏழு பேரும் இரண்டு பெரிய சாப்பாட்டுப் பாத்திரமும் இருந்தால், அந்த எடையும் அதே பின் சில்லுகளில்தான் இறங்கும். சனம் கூடினால் சாமானைக் குறையுங்கள்.

மொத்த எடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மூக்கு எடை. ட்ரெயிலரின் முன்நுனி காரின் மேல் எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் அது. மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு இருக்கட்டும். எங்களுக்கு 42 கிலோ. அளப்பதற்குக் குளியலறைத் தராசு போதும். ட்ரெயிலர் மட்டமாக நிற்கும்படி தராசின் மேல் ஒரு மரக்கட்டையை நிமிர்த்தி வைத்து, அதன்மேல் மூக்கை இறக்குங்கள். மூக்கு மிகவும் லேசாக இருந்தால் நெடுஞ்சாலையில் ட்ரெயிலர் வாலாட்டத் தொடங்கும். பெட்ரோல் தாங்கியையும் பட்டரியையும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹிட்ச், வயர்

ஹிட்ச் என்பது ட்ரெயிலரை இழுக்கக் காரின் பின்னால் பூட்டும் இரும்பு. அதைப் பூட்டுவதைக் கடையில் கொடுத்துச் செய்வித்தேன். காருக்கு அடியில் வரும் சதுரக் குழாய் ஒன்றேகால் அங்குலத்திலும் இரண்டு அங்குலத்திலும் கிடைக்கிறது. உங்கள் காருக்கு இரண்டு அங்குலம் கிடைத்தால் அதையே போடுங்கள். பிறகு சைக்கிள் தாங்கி வாங்கினாலும் அதற்குப் பொருத்தமானது சுலபமாகக் கிடைக்கும். அதற்காகக் காரின் இழுவை எடை கூடிவிடாது, அது கையேட்டில் உள்ளதுதான்.

விளக்குகளுக்கு நாலு முனைத் தட்டைச் செருகி போதும். ஆனால் பல ஜப்பானியக் கார்களில் பிரேக் விளக்கும் சிக்னல் விளக்கும் தனித்தனி. ட்ரெயிலரில் இரண்டும் ஒரே விளக்கு. இரண்டையும் சேர்த்துக் கொடுக்க ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். பட்டரியிலிருந்து தனி வயர் இழுத்து வேலை செய்யும் வகையை வாங்குங்கள். அப்போது ட்ரெயிலரின் சுமை காரின் சொந்த வயர்களில் ஏறாது. இடது சிக்னல் போட்டால் எல்லா விளக்கும் மங்கலாக மின்னுகிறதா? முதலில் வெள்ளை வயரைப் பாருங்கள். அது ட்ரெயிலர் இரும்பைத் தொடும் இடத்தில் துரு ஏறியிருக்கும். சுரண்டி, புதுத் திருகாணி போட்டால் சரி.

குண்டும் கப்ளரும்

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

ஹிட்சில் இருக்கும் உருண்டையைக் குண்டு என்று சொல்கிறேன். அதன்மேல் கவிழ்ந்து பூட்டும் ட்ரெயிலரின் மூக்குத்தான் கப்ளர். எங்களுக்குப் படகை விற்றவர், குண்டு பூட்டிய இரும்பையும் சும்மாவே தந்தார். கப்ளரை வைத்தேன், நெம்பை அழுத்தினேன், 'டக்' என்று பூட்டிக்கொண்டது. நெம்பு திறந்துவிடாமல் இருக்க ஊசியும் போட்டேன். கையால் ஆட்டிப் பார்த்தேன், அசையவில்லை. இரண்டாவது பயணத்தில் ஒரு ரயில் கடவையைத் தாண்டும்போது பின்னால் பெரிய அடி விழுந்த சத்தம். கண்ணாடியில் பார்த்தால் படகின் மூக்கு தாழ்ந்து போயிருந்தது. கப்ளர் குண்டைவிட்டுக் கழன்றிருந்தது. இரண்டு சங்கிலியும் அதைத் தாங்கிக்கொண்டு வந்தன. மெதுவாகப் போனபடியால் பிரேக்கை லேசாகத் தொட்டு ஓரம் கட்ட முடிந்தது. பின் இருக்கையில் பிள்ளைகள் இருவரும் இருந்தார்கள். இறங்கி நின்றபோது கை நடுங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

காரணம் மூன்று மில்லிமீட்டர். குண்டு 1 7/8 அங்குலம். கப்ளர் 2 அங்குலம். சின்னக் குண்டிலும் பெரிய கப்ளர் பூட்டிக்கொள்ளும், ஊசியும் போகும், கையால் ஆட்டினால் இறுக்கமாகவும் தெரியும். பள்ளத்தில் குதிக்கும்போது மட்டும் கழன்றுவிடும்.

குண்டின் உச்சியைத் துணியால் துடைத்துப் பாருங்கள். அளவும் தாங்கும் எடையும் அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கிறீசும் துருவும் மூடியிருந்ததால் நான் அதைக் கவனிக்கவில்லை. கப்ளரின் மேலும் அதே மாதிரி பொறித்திருக்கும். இரண்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். நெருங்கி வந்தால் போதாது. எண் வாசிக்க முடியாத குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.

இப்போது ஒவ்வொரு முறையும் இந்த ஒழுங்கில்தான் செய்கிறேன். நெம்பைத் திறந்து, ஜாக்கியைச் சுற்றிக் கப்ளரைக் குண்டின்மேல் முழுவதும் இறக்குவேன். நெம்பைப் பூட்டுவேன். பிறகு குனிந்து, கப்ளரின் அடியில் விரலை விட்டு, உள்ளே இருக்கும் நாக்கு குண்டின் கீழ்ப்பக்கத்தைக் கவ்வியிருக்கிறதா என்று தடவிப் பார்ப்பேன். சிலவேளை அந்த நாக்கு குண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. அதன்பின் ஊசி. கடைசியாக, ஜாக்கியை மறுபடி மேலே சுற்றுவேன். சரியாகப் பூட்டியிருந்தால் காரின் பின்பக்கம் அதோடு சேர்ந்து இரண்டு அங்குலம் எழும்பும். பூட்டாவிட்டால் கப்ளர் தனியாகக் கழன்று வரும். கார் எழும்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ஜாக்கியை மடித்து வைப்பேன். ஒரு நிமிட வேலை.

சங்கிலிகளைக் கப்ளருக்குக் கீழே குறுக்கு மறுக்காகப் போட வேண்டும், இடப்பக்கத்தது வலத்தில், வலப்பக்கத்தது இடத்தில். அன்றைக்கு மூக்கு றோட்டில் குத்தாமல் தொட்டிலில் விழுந்த மாதிரி நின்றது அதனால்தான். வளைவில் திரும்பும் அளவுக்குத் தளர்வு இருக்கட்டும், நிலத்தில் உரசக் கூடாது. ஒன்ராறியோச் சட்டமும் இரண்டு தனித்தனி இணைப்புகள் இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஓடும்போது படகுக்குள் ஆட்கள் இருப்பதும் சட்டப்படி கூடாது. பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், சம்மதிக்காதீர்கள்.

கட்டுவதும் கிளம்புவதும்

படகின் முன்பக்கத்தை வின்ச் பட்டி பிடித்திருக்கும். ட்ரெயிலரின் முன்னால் இருக்கும், கையால் சுற்றிப் படகை இழுக்கும் உருளைதான் வின்ச். அது மட்டும் போதாது. முன்னால் ஒரு தனிச் சங்கிலி, பின்னால் இரண்டு பட்டி. பின்பட்டிக்குப் பல்சக்கரம் வைத்த இறுக்கிதான் என் விருப்பம். சாதாரணக் கொக்கிப் பட்டி நனைந்ததும் தளர்ந்துவிடுகிறது.

ட்ரெயிலர் டயர்களின் காற்று காரைவிடக் கூடுதலாக இருக்கும். பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அளவுக்கு, சூடேறாமல் இருக்கும்போது அடியுங்கள். அதில் பல டயர்கள் மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர் வரைக்குத்தான். நான் 90-ஐத் தாண்டுவதில்லை. முன்னால் போகும் வண்டிக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி. ட்ரெயிலர் வாலாட்டினால் பிரேக்கை மிதிக்க வேண்டாம். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, காலை எக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாக எடுங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓடியதும் ஒருதடவை நிறுத்தி, சில்லின் நடுப்பகுதிக்குக் கிட்டே புறங்கையைக் கொண்டுபோங்கள். இளஞ்சூடு என்றால் பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் பெயரிங் கெட்டுக்கொண்டிருக்கிறது.

பின்னால் எடுப்பது

ஞாயிறு காலையில் ஆள் வருமுன் ஒரு பெரிய கடைத்தொகுதி வாகனத் தரிப்பிடத்துக்குப் போங்கள். ஸ்டியரிங்கின் அடியில், ஆறு மணி இருக்கும் இடத்தில், ஒரு கையை வையுங்கள். ட்ரெயிலர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள். அவ்வளவுதான், மேலே பிடித்தால் எல்லாம் எதிர்ப்பக்கமாகக் குழம்பும். கொஞ்சம் திருப்பி, பொறுத்திருந்து பாருங்கள். குட்டை ட்ரெயிலர் மிகச் சீக்கிரம் மடங்கிவிடும். மடங்கத் தொடங்கினால் சரிசெய்யப் போராட வேண்டாம். முன்னால் போய் நேராக்கிவிட்டு மறுபடி வாருங்கள். துறையில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் அதைத்தான் செய்ய வேண்டும்.

படகு இல்லாத வெறும் ட்ரெயிலர் கண்ணாடியில் தெரியவே தெரியாது. ட்ரெயிலரின் பின்மூலை இரண்டிலும் நாலடி உயர வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய் நட்டு வைத்தேன். நான் இதுவரை செலவழித்ததில் இதுதான் மலிவானது, ஆனால் அதிகம் உதவியது.

துறையில்

சாய்தளத்துக்கு வருமுன்பே, ஓரமாக நிறுத்தி எல்லா ஆயத்தத்தையும் முடியுங்கள். தண்ணீர் வடியும் ஓட்டைக்குத் தக்கை போடுங்கள். பின்பட்டிகளைக் கழற்றுங்கள். வின்சையும் முன்சங்கிலியையும் மட்டும் தண்ணீரைத் தொடும்வரை கழற்றாதீர்கள், இல்லையென்றால் படகு கொங்கிறீட்டில் சறுக்கி விழும். வயர்ச் செருகியையும் பிடுங்கிவிடுங்கள். சூடான பல்பு குளிர்ந்த தண்ணீரில் வெடிக்கும். சூடான பெயரிங்கும் அப்படித்தான், திடீரென்று குளிர்ந்தால் உள்ளே தண்ணீரை உறிஞ்சும். சாப்பிட்டுவிட்டுப் பத்து நிமிடம் கழித்து இறக்குவது எங்கள் வழக்கம். வருடத்தில் இரண்டு முறை கிறீஸ் அடிப்பேன்.

பிள்ளைகள் காரைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். சாரதி பக்கத்து ஜன்னல் திறந்திருக்கட்டும். மெதுவாகப் பின்னால் போய், ட்ரெயிலர் சில்லின் நடுப்பகுதி நனையும்போது நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்தபடியே கியரை நியூட்ரலுக்கு எடுத்து, கைப்பிரேக் போட்டு, காலை மெல்ல எடுத்துப் பார்த்து, கார் நின்ற பிறகு பார்க்கில் போடுங்கள். நேராகப் பார்க்கில் போட்டால் காரும் படகும் சேர்ந்த முழுச் சுமையும் கியர்ப்பெட்டியின் ஒரு சின்னப் பல்லில் தொங்கும்.

திரும்ப ஏற்றும்போது ட்ரெயிலரை அளவுக்கு மிஞ்சித் தாழ்த்தினால் படகு மிதந்து கோணலாக உட்காரும். ட்ரெயிலரில் படகு உட்காரும் நீளப் பலகைகளின் முன்நுனி தண்ணீருக்கு மேலே கொஞ்சம் தெரிய வேண்டும். எஞ்சினால் தள்ளி ஏற்றாமல் வின்சால் சுற்றி ஏற்றுங்கள்.

மேலே வந்ததும் தக்கையைக் கழற்றுங்கள். ஸ்கூகோக் ஆழமில்லாத ஏரி, பாசி அதிகம். ட்ரெயிலர் அச்சு, பலகை, எஞ்சின் எல்லாவற்றிலும் பச்சைக் கயிறு மாதிரிச் சுற்றியிருக்கும். ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுங்கள். 2022 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் இது சட்டம். தக்கையைத் திறந்து தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் செடிகளையும் நீர்வாழ் உயிரினங்களையும் அகற்றிவிட்டுத்தான் படகை றோட்டில் கொண்டுபோகலாம். 1980-களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்த வரிக்குதிரை மட்டி இன்றைக்கு எத்தனையோ உள்நாட்டு ஏரிகளில் ஒட்டிக் கிடக்கிறது. ஒரு படகின் அடியில் தேங்கிய தண்ணீரிலேயே அதன் குஞ்சுகள் அடுத்த ஏரிக்குப் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது.

பின்சேர்க்கை, ஜூலை: கார் எழும்பவில்லை, ஆனால் கப்ளரும் கழலவில்லை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய கப்ளரின் அடியில் இறுக்கும் நட்டுத் தளர்ந்திருந்தது. அதனால் நாக்கு கவ்வினாலும் ஆட்டம் இருந்தது. நெம்பு கொஞ்சம் சிரமப்பட்டுப் பூட்டும் அளவுக்கு அந்த நட்டை இறுக்க வேண்டும். நட்டை இறுக்கியதும் கார் எழும்பியதாம்.

பின்சேர்க்கை, செப்டெம்பர்: சியன்னாவில் முன்சில்லுதான் இழுக்கிறது, ஈரத் துறையில் வழுக்காதா என்று பலர் கேட்டார்கள். வழுக்கியது, ஒருமுறை. பாசி படிந்த இடத்தில் முன்சில்லு நின்ற இடத்திலேயே சுழன்றது. மனைவி ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் படகிலிருந்து இறக்கினார், நான் எக்ஸிலரேட்டரை மிக மெதுவாக மிதித்தேன், கார் ஏறிவிட்டது. இப்போது காரில் பழைய ரப்பர்க் கால்மிதி இரண்டு வைத்திருக்கிறோம், சில்லு சுழன்றால் அதன் முன்னால் செருகுவதற்கு. செருகும்போது கார் பார்க்கில், கைப்பிரேக்குடன் நிற்க வேண்டும். செருகியவர் காருக்கும் படகுக்கும் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் தூர விலகி நிற்க வேண்டும். ஏனென்றால் சில்லு பிடிக்கும் கணத்தில் கால்மிதி பின்னால் பறக்கும்.