நியூரோஎண்டோகிரைன் கட்டி: ரிப்போர்ட்டை வாசிப்பதும் மாத்திரையைக் கையாள்வதும்

நியூரோஎண்டோகிரைன் கட்டி என்பது ஹோர்மோன் சுரக்கும் கலங்களில் தொடங்கும் ஒருவகைப் புற்றுநோய். பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்ததும் கி-67 என்ற வரியைத் தேடுங்கள். கட்டியின் நூறு கலங்களில் எத்தனை பெருகும் நிலையில் இருக்கின்றன என்பதை அது சொல்லும். அதை வைத்துக் கட்டியைத் தரம் பிரிப்பார்கள்: 3 சதவீதத்துக்குக் கீழே ஜி1 (மெதுவாக வளர்வது), 3 முதல் 20 வரை ஜி2, அதற்கு மேல் ஜி3 (வேகமாக வளர்வது). அந்த எண் இல்லையென்றால், புற்றுநோய்ச் சிகிச்சைக்குக் கண்டிக்கோ மகரகமைக்கோ பஸ் ஏறும் முன் பயாப்சி செய்த இடத்திலேயே கேளுங்கள். பயாப்சித் தசையைப் பதித்து வைத்த மெழுகுத் துண்டும் கண்ணாடித் தகடுகளும் கூடவே போகட்டும். இல்லாவிட்டால் அவற்றை எடுத்துவர மறுபடி மலையேற வேண்டியிருக்கும்.

புது இரத்தக் குழாய்களை வளர்க்கும் வி.ஈ.ஜி.எஃப்., கலங்களைப் பெருகத் தூண்டும் ஐ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகளை இந்தக் கட்டிகள் தாமே சுரக்கின்றன. ஆனால் அவற்றின் அளவை வைத்து நோயின் போக்கைச் சொல்வதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. அதற்காக வெளி லேப்பில் காசு கொடுக்க வேண்டாம். முடிவெடுக்க உதவுவது கி-67, கட்டி இருக்கும் இடம், ஸ்கேன்.

மருந்தென்று வரும்போது இதே காரணிகளின் வேலையைத் தடுப்பது பெரிதும் உதவுகிறது. எவரோலிமஸ் என்ற மாத்திரை, கலத்துக்குள் ஐ.ஜி.எஃப். சமிக்ஞை செல்லும் எம்டார் என்ற பாதையை அடைக்கிறது. வழக்கமான அளவு நாளுக்கு 10 மில்லிகிராம். சுனிடினிப் என்ற மற்ற மருந்து, வி.ஈ.ஜி.எஃப். வந்து ஒட்டும் ஏற்பிகளைத் தடுக்கிறது. அதன் அளவு நாளுக்கு 37.5 மில்லிகிராம். 2011இல் வெளியான ஆய்வுகளில், கணையக் கட்டி மீண்டும் வளரத் தொடங்கும் காலத்தை எவரோலிமஸ் 4.6 மாதத்திலிருந்து 11 மாதமாகவும், சுனிடினிப் 5.5இலிருந்து 11.4 ஆகவும் நீட்டின. பெரும்பாலும் கட்டி சுருங்காது. வளராமல் நின்றாலே மருந்து வேலை செய்கிறது. ஸ்கேனில் "அப்படியே இருக்கிறது" என்று வந்தால் மனமுடைந்து நிறுத்திவிடாதீர்கள்.

எவரோலிமஸுக்கு ஈரமும் வெளிச்சமும் ஆகாது. பனி புகும் தேயிலைத் தோட்ட லயத்து அறையில் பிளாஸ்டிக் போத்தலுக்கு மாற்றி வைத்தால் கெட்டுப்போகும். மாத்திரை வந்த அட்டையிலேயே, அடுப்பங்கரைக்குத் தள்ளி வையுங்கள். பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் முன் என்று ஒரே நேரத்தை வழக்கமாக்குங்கள். உடைக்காமல், தண்ணீரோடு விழுங்க வேண்டும். மறந்தால் 6 மணி நேரத்துக்குள் போடலாம். தாண்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள், மறுநாள் இரட்டிப்பாக்காதீர்கள். ஜம்போலா பழம் வேண்டாம், மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும்.

முதல் இரண்டு மாதங்களில் வாய்ப்புண் வருவது சகஜம். கொதித்தாறிய ஒரு டம்ளர் நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டுக் கொப்பளியுங்கள். ரொட்டிக்குக் கொச்சிக்காய்ச் சம்பலை நிறுத்தி, பருப்பில் நனைத்துச் சாப்பிடுங்கள். மதுசாரம் கலந்த வாய்கழுவி எரிச்சலைக் கூட்டும். ஆறவில்லையென்றால் ஸ்டீராய்டு கொப்பளிப்பு நீரை வைத்தியரிடம் கேளுங்கள்.

அதிகம் பயம் தருவது வறட்டு இருமல். நுவரெலியாப் பனியில் இருமாதவர் யார் என்று கொத்தமல்லித் தண்ணீரோடு வாரக்கணக்கில் இருந்துவிடுவார்கள். ஆனால் எவரோலிமஸ் நுரையீரலில் அழற்சி உண்டாக்கக்கூடியது. இருமலோடு மேடேறும்போது புதிதாக மூச்சு வாங்கினால் அன்றே வைத்தியசாலைக்குப் போய், எவரோலிமஸ் எடுப்பதை முதலில் சொல்லுங்கள். இரத்தத்தில் சீனியும் கொலஸ்ட்ரோலும் ஏறக்கூடும். கிளினிக்குக்கு வெறும் வயிற்றில் போக வேண்டுமா என்று முன்னரே கேளுங்கள்.

சுனிடினிப் எடுப்பவர் தொடக்கத்தில் வாரம் ஒருமுறை தோட்ட மருந்தகத்திலாவது பிரஷர் பார்த்து, கிளினிக் கொப்பியில் எழுதிவைக்க வேண்டும். தோல் மஞ்சளாவது அந்த மருந்தின் நிறத்தாலும் இருக்கலாம். கண்ணின் வெள்ளையும் மஞ்சளானால், அது ஈரல், உடனே கிளம்புங்கள்.