எஃகுக் குழாய் மூட்டில் வெடிப்பு வராமல் வெல்டிங் செய்வது எப்படி: சொந்தமாக விமானம் கட்டுவோருக்கு

சொந்தமாகச் சிறு விமானம் கட்டுபவர்கள் குழாய்ச் சட்டகத்தில் கைவைக்கும்போது பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்த ராடு (மூட்டில் உருக்கி நிரப்பும் கம்பி) மிக வலுவானது என்பதைத்தான். ஆனால் உடைந்த மூட்டுகளை எடுத்துப் பார்த்தால், வெடிப்பு பெரும்பாலும் வெல்டின் நடுவில் இருப்பதில்லை. வெல்டின் ஓரத்தில், குழாயின் உடலில்தான் தொடங்கியிருக்கும். ஆகையால் கவலைப்பட வேண்டியது ராடின் வலிமையைப் பற்றி அல்ல, வெல்டிங்கின் சூடு பக்கத்துக் குழாயை என்ன செய்கிறது என்பதைப் பற்றியே.

இவ்வகைச் சட்டகங்களுக்குப் பெரிதும் பயன்படும் 4130 குரோமோலி எஃகில் கார்பன் 0.28 முதல் 0.33 சதவீதம் வரையும், குரோமியம் ஏறத்தாழ 1 சதவீதமும், மாலிப்டினம் 0.2 சதவீத அளவிலும் இருக்கின்றன. குழாய்க்கு வலிமை தரும் இதே சேர்மானம்தான், சிவக்கக் காய்ந்த இடம் சட்டென்று குளிர்ந்தால் அந்த இடத்தை மார்ட்டென்சைட் என்னும் கடினமான, எளிதில் நொறுங்கும் அமைப்பாக மாற்றிவிடுகிறது. அதனுடன் ஹைட்ரஜனும் இழுவிசையும் சேர்ந்தால் வெடிப்பு விழும். மூன்றில் ஒன்றைக் குறைத்தாலும் ஆபத்து வெகுவாகக் குறையும். ஹைட்ரஜன் வரும் வழிகள் சாதாரணமானவை: குழாயில் படிந்த எண்ணெய், துரு, ஈரம், கைரேகை, துருப்பிடித்த ராடு.

எனவே குழாயின் முனையை வெளியிலும் உள்ளிலும் ஓரிரு அங்குலம் வரை எமரித் தாளால் பளபளவெனத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, அது முழுவதும் உலர்ந்த பிறகே வெல்டிங் டார்ச்சை எடுக்க வேண்டும். குளோரின் கலந்த கரைப்பான்களை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. வெல்டிங் வெளிச்சத்தில் அவற்றிலிருந்து நச்சு வாயு உருவாகும். குழாய் முனைகளை, மற்றக் குழாயின் வளைவில் ஒட்டி உட்காரும்படி மீன்வாய் வடிவில் அரம் போட்டுப் பொருத்தி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளிக்கீற்று தெரியும் இடமெல்லாம் ராடால் நிரப்ப வேண்டிய இடம், அதாவது கூடுதல் சூடும் கூடுதல் சுருக்கமும் சேரப்போகும் இடம். இடைவெளி அரை மில்லிமீட்டருக்குள் அடங்கும்வரை அரத்தை விடாதீர்கள். இந்த வேலையில் பொறுமையின் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும்.

இயல்புநிலைப்படுத்திய (சூடேற்றிக் காற்றில் ஆறவிட்ட) 4130 குழாயின் இழுவலிமை 620 மெகாபாஸ்கல் அளவில் இருக்க, பலரும் பரிந்துரைக்கும் ஈஆர்70எஸ்-2 ராடின் குறைந்தபட்ச வலிமை 480 மெகாபாஸ்கல்தான். பார்வைக்கு இது முரணாகத் தோன்றும். உருகும்போது குழாயின் உலோகம் ராடுடன் கலப்பதால் வெல்டின் வலிமை இந்த எண்ணைவிட உயர்ந்துவிடுகிறது. மென்மையான ராடு சற்றே நெளிந்துகொடுத்து, பக்கத்துக் கடினப் பகுதியின் மேல் விழும் விசையைத் தணிக்கிறது. கூடுதல் வலிமை வேண்டுமென்று வரைபடம் சொல்லும் இடத்தில் ஈஆர்80எஸ்-டி2 போதும். 4130 உலோகத்தையே ராடாக இட்டால், வெல்டிங்குக்குப் பின் முழுமையான வெப்பச் சிகிச்சை தேவைப்படும். வீட்டுப் பட்டறையில் அது நடக்கிற காரியம் அல்ல.

டிக் வெல்டிங்கில் (ஆர்கான் வாயுவின் காப்பில், டங்ஸ்டன் முனையிலிருந்து எழும் மின்வில்லால் உருக்கும் முறை) குழாய்ச் சுவரின் ஒவ்வொரு ஆயிரத்தில் ஒரு அங்குலத்துக்கும் ஏறத்தாழ 1 ஆம்பியர் என்று தொடங்கலாம், 0.035 அங்குலச் சுவருக்கு 35 ஆம்பியர். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்த சுவருக்கு முன்சூடு தேவையில்லை, ஆனால் குழாய் அறை வெப்பநிலையிலாவது இருக்க வேண்டும். விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள். காப்பு வாயுவான ஆர்கான் கலைவதோடு, காற்று பட்டால் மூட்டும் விரைந்து குளிரும். தண்ணீரிலோ அழுத்தக் காற்றிலோ குளிர்விப்பதை நினைக்கவும் கூடாது. ஜிக்கில் (குழாய்களை அசையாமல் பிடிக்கும் சட்டம்) டாக் எனப்படும் சிறு புள்ளி வெல்டுகள் வைத்த பிறகு எதிரெதிர்ப் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால், சுருக்கம் ஒரே பக்கம் சேர்ந்து இழுக்காது. முடிக்கும் இடத்தில் மின்வில்லைப் படக்கென்று அணைத்தால் அங்கே ஒரு குழி விழுந்து, அதன் நடுவில் நட்சத்திர வடிவ வெடிப்பு எழும். ராடைச் சேர்த்தபடியே மின்னோட்டத்தை மெல்லக் குறையுங்கள். இரு முனையும் மூடப்போகும் குழாயில் காற்று வெளியேற ஒரு சிறு துளை வேண்டும், இல்லையேல் விரிந்த காற்று கடைசிச் சொட்டு உலோகத்தை ஊதித் தள்ளிவிடும்.

அசிட்டிலீனை ஆக்சிஜனுடன் எரித்துச் செய்யும் கேஸ் வெல்டிங்கின் சூடு அகலமாகப் பரவி மெதுவாகத் தணிவதால் கடினப் பகுதி குறைவு, கோணல் அதிகம். சுடர் நடுநிலையாக இருக்க வேண்டும். அசிட்டிலீன் மிகுந்தால் கார்பன் ஏறி மூட்டு நொறுங்கும் தன்மையடையும். டிக் மூட்டுகளைப் பிறகு டார்ச்சால் சிவக்கச் சுட்டு, உள்ளே தங்கிய இழுவிசையை நீக்கும் பழக்கத்தை, இந்த மெல்லிய குழாய்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். வெப்பநிலையை அளக்காமல் செய்யும்போது, குணப்படுத்துவதைவிடக் கெடுப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

சட்டகத்தைத் தொடும் முன், அதே குழாயில் டி வடிவ மாதிரி மூட்டுகள் செய்து உடைத்துப் பாருங்கள். ஒன்றை வைஸில் பிடித்துக் குழாய் நெளியும்வரை வளையுங்கள். குழாய் மடங்கி வெல்ட் நின்றால் நல்லது, வெல்டின் ஓரம் சுத்தமாகப் பிளந்தால் சூட்டிலோ குளிர்வித்தலிலோ பிழை இருக்கிறது. மற்றொன்றை நெடுக்காக அறுத்து வேர்ப்பகுதி (வெல்டின் அடிப்பக்கம்) உருகிச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். வெல்டின் ஓரத்தில் புதிய அரம் கடிக்காமல் வழுக்கினால், அங்கே எஃகு கடினமாகிவிட்டது என்று பொருள்.

முடிந்த மூட்டை பத்து மடங்கு பூதக்கண்ணாடியால் அன்றே பாருங்கள். ஹைட்ரஜன் வெடிப்பு தாமதித்தும் வருமென்பதால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். வெல்டின் ஓரத்தில் குழாய்ச் சுவர் வெல்டிங்கின் சூட்டில் அரிக்கப்பட்டுக் குழிந்திருந்தால் அதுவே பின்னாளில் அதிர்வில் வெடிப்பு தொடங்கும் இடம், 0.9 மில்லிமீட்டர்ச் சுவரில் 0.1 மில்லிமீட்டர் அரிப்பு என்பது பத்தில் ஒரு பங்குக்கும் மேல். அழகுக்காக வெல்டை அரம் போட்டு மழுக்கக் கூடாது, அது வலிமையைக் குறைக்கும். வெடிப்புக்குள் சாயத்தைப் புகவிட்டுக் கண்டறியும் சாயம் ஊடுருவும் சோதனையை, மூட்டைச் சுத்தம் செய்ய மணல் வீசுவதற்கு முன்பே செய்ய வேண்டும், ஏனெனில் மணல் வெடிப்பின் வாயை மூடி மறைத்துவிடும். எஞ்சின் தாங்கிக்கு வெளிர் நிற வண்ணமே பூசுங்கள். புதிய வெடிப்பு அதில் மெல்லிய கோடாகவோ துருக்கறையாகவோ உடனே தெரியும்.

வெடிப்பைக் கண்டால் அதன் மேலேயே மறுபடி வெல்ட் இட்டு மூடாதீர்கள். பித்தளைப் பற்று வைத்த இடத்தில் வெல்டிங் செய்வதும் ஆகாது, பித்தளையிலுள்ள தாமிரம் எஃகின் படிகத் துகள்களுக்கு இடையிலுள்ள எல்லைகளுக்குள் புகுந்து புதிய வெடிப்பை உண்டாக்கும். பழுதான பகுதியை வெட்டி நீக்கி, வரைபடத்துக்கு ஏற்ற புதிய துண்டை மீன்வாய் முனையுள்ள உறைக்குழாயுடன் (இணைப்பின் மேல் மாட்டும் சற்றுப் பெரிய குழாய்) இணையுங்கள். எதிர்ப்பக்கத்தில் அதே சுமையைத் தாங்கும் மூட்டையும் அப்போதே சோதித்துவிடுங்கள்.