இகாரியாவுக்கு யாட்டில் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்கு ஏஜியன் கடலில் சாமோஸுக்கும் மிகோனோஸுக்கும் இடையே உள்ள இகாரியா, சுமார் 40 கிலோமீட்டர் நீளமும் குறுகிய அகலமும் கொண்ட கிரேக்கத் தீவு. அதன் நெடுக ஓடும் அதேராஸ் மலைத்தொடர் 1,000 மீட்டருக்கு மேல் உயர்கிறது. யாட்டில், அதாவது பாய்மர உல்லாசப் படகில், வருவோரின் பெருந்தவறு, இந்த மலையை அரண் என்று நம்புவதுதான்.

பால்கன் பகுதியின் உயரழுத்தத்துக்கும் துருக்கி நிலப்பரப்பின் தாழ்வழுத்தத்துக்கும் இடையே பிறக்கும் மெல்டெமி என்னும் வடகாற்று, ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நாள்கணக்கில் ஓயாமல் வீசும். அதை மலை தடுத்துவிடும், தென்கரையை ஒட்டிச் சென்றால் கடல் அமைதியாக இருக்கும் என்றே வரைபடத்தைப் பார்ப்பவருக்குத் தோன்றும். நடப்பதோ நேர்மாறானது. முகட்டைக் கடந்த காற்று செங்குத்துச் சரிவில் கீழ்நோக்கிப் பாய்ந்து, திறந்த கடலில் இருப்பதைவிடக் கடுமையான வீச்சுகளாகத் தென்கரை நீரில் விழுகிறது. சற்றுமுன் துவண்டு தொங்கிய பாய் திடீரெனப் புடைத்துப் படகையே சாய்த்துவிடக்கூடும். நீர்ப்பரப்பு தட்டையாகத் தெரிவதை நம்பாமல், பாயை முன்கூட்டியே சுருக்கிக்கொண்டு கரையிலிருந்து பல மைல் விலகிச் செல்வதே அறிவுடைமை.

வேண்டிய இடத்தில் ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணமும் இங்கே செல்லாது. தெற்கே அகியோஸ் கிரிகோஸ், வடக்கே எவ்திலோஸ் ஆகிய இரண்டுமே முக்கியத் துறைமுகங்கள். இரண்டிலும் பயணிகள் கப்பல்கள் வந்து போகும், எவ்திலோஸிலோ வடக்கு அலைகளின் தொல்லையும் உண்டு. கிழக்கே அருகிலுள்ள ஃபூர்னி தீவுக்கூட்டத்தின் வளைகுடாக்கள் இதைவிட நல்ல புகலிடம். 2015 முதல் நடந்த ஆய்வுகளில் அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய கப்பல்களின் சிதைவுகள் கிடைத்திருப்பது, எத்தனை காலமாக மாலுமிகள் அவ்வழியே சென்றிருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

வாடகைப் படகைத் திருப்பித் தரும் நாளை நெருக்கமாக வைத்துக்கொள்வதும் ஆபத்தானது. காற்றை எதிர்த்துப் புறப்படும் கட்டாயம் அதனால்தான் வருகிறது. ஓரிரு நாள்களாவது கூடுதலாக ஒதுக்க வேண்டும். அந்த நாள்களில் இத்தீவிலுள்ள தெர்மா என்னும் ஊரின் வெந்நீர் ஊற்றுகளுக்குப் போகலாம். ஆனால் அவற்றில் ரேடான் என்னும் கதிரியக்க வாயு கலந்திருப்பதால், உடல்நலக் குறை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது.

கோடையில் மலையூர்களில் நடக்கும் பனிகீரி என்னும் ஊர்த்திருவிழாக்கள் விடியும்வரை நீளும். அவற்றுக்காகவே இத்தீவுக்கு வரலாம். ஆனால் தென்கரையில் நங்கூரமிட்ட படகை ஆளின்றி விட்டுவிட்டு எல்லோரும் மலையேறிவிடக் கூடாது. படகு ஓட்டத் தெரிந்த ஒருவராவது அதிலேயே தங்க வேண்டும். இல்லாவிட்டால் படகை ஃபூர்னியில் பத்திரமாகக் கட்டிவிட்டு, அங்கிருந்து பயணிகள் படகில் அகியோஸ் கிரிகோஸுக்கு வரலாம்.