சாலிட் ஸ்டேட் ப்ரீஆம்ப் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிடி பிளேயர், டர்ன்டேபிள் போன்றவற்றின் சிக்னலைத் தேர்ந்து, ஒலி அளவைக் கட்டுப்படுத்தி, ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்ப்புக்கு அனுப்பும் கருவிதான் ப்ரீஆம்ப்; வால்வுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர்களோ சிப்களோ கொண்டது சாலிட் ஸ்டேட். அதை வாங்குவதென்று முடிவானதும் எல்லோரும் ப்ரீஆம்ப்புகளைப் பற்றிப் படிக்கத் தொடங்குகிறார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. முதலில் எடுத்துப் படிக்க வேண்டியது வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பவர் ஆம்ப்பின் கையேடு. அதில் இரண்டு வரிகள் போதும்: முழுத் திறனுக்கு எத்தனை வோல்ட் உள்ளீடு வேண்டும், உள்ளீட்டு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கு அந்த உள்ளீடு காட்டும் மின்தடை) எத்தனை ஓம். இவை தெரியாமல் எந்த ப்ரீஆம்ப்பையும் நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்ல முடியாது. ஒரு வீட்டில் அருமையாகப் பாடுகிற கருவி இன்னொரு வீட்டில் சீறுவதற்கும் இரைவதற்கும் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது.

பெருக்கம் (சிக்னலை எத்தனை மடங்கு பெரிதாக்குகிறது என்ற அளவு) கூடுதலாக இருந்தால் நல்லது என்ற நம்பிக்கைதான் அதிகக் கெடுதல் செய்வது. ஒரு காலத்தில் அது சரியாகவே இருந்தது. 1967இல் வெளிவந்த குவாட் 33 ப்ரீஆம்ப்பின் ரேடியோ உள்ளீடு 100 மில்லிவோல்ட் சிக்னலுக்காக வடிவமைக்கப்பட்டது. 1982இல் சிடி வந்தது; முழு அளவு வெளியீடு 2 வோல்ட் என்பது வழக்கமாயிற்று. டிஜிட்டல் இசையை மின்சிக்னலாக மாற்றும் இன்றைய டிஏசி கருவிகளும் ஆர்சிஏ என்ற சாதாரண இணைப்பு வழியாக ஏறத்தாழ 2 வோல்ட்டும், எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முனை இணைப்பு வழியாக 4 வோல்ட்டும் தருகின்றன. ரேடியோவோடு ஒப்பிட்டால் இருபது மடங்கு, நாற்பது மடங்கு. சிக்னல் இவ்வளவு வளர்ந்த பிறகும் 15, 20 டெசிபெல் (20 டெசிபெல் என்றால் வோல்ட்டேஜில் பத்து மடங்கு) பெருக்கம் கொண்ட ப்ரீஆம்ப்புகள் விற்பனையில் இருந்துகொண்டே இருக்கின்றன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். உங்களிடம் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 100 வாட் தரும் பவர் ஆம்ப் இருக்கிறது. அதன் பெருக்கம் 29 டெசிபெல், அதாவது சுமார் 28 மடங்கு. 100 வாட் என்பது ஸ்பீக்கர் முனைகளில் 28.3 வோல்ட். ஆகவே 1 வோல்ட் கொடுத்தாலே ஆம்ப் தன் முழுத் திறனைத் தொட்டுவிடும். டிஏசி தருவதோ 2 வோல்ட். இதுவரை ப்ரீஆம்ப் ஒரு துளிகூடப் பெருக்க வேண்டியிருக்கவில்லை. பாதியாகக் குறைக்கத்தான் வேண்டியிருக்கிறது. இனி இரவு நேரத்தில், பாட்டின் உச்சங்கள் 1 வாட்டைத் தொடுகிற ஒலியில் கேட்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நடுத்தர அறையில், 87 டெசிபெல் செயல்திறனுள்ள (1 வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 87 டெசிபெல் ஒலி தரும்) ஸ்பீக்கரில் இது தாராளமான ஒலி. 1 வாட்டுக்கு ஸ்பீக்கரில் 2.83 வோல்ட் வேண்டும். பவர் ஆம்ப்பின் வாயிலில் 0.1 வோல்ட் போதும். ப்ரீஆம்ப்புக்குப் பெருக்கமே இல்லையென்றால் வால்யூம் 26 டெசிபெல் குறைக்க வேண்டும். 20 டெசிபெல் பெருக்கம் இருந்தால் 46 டெசிபெல் குறைக்க வேண்டும். முதலில் பத்து மடங்கு பெருக்கி, பிறகு அதை இருநூறில் ஒரு பங்காக்குவது யாருக்குப் பயன்?

குமிழில் கை வைத்தால் இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும். 46 டெசிபெல் குறைப்பில் குமிழ் தொடக்கப் புள்ளியை விட்டு ஒரு விரல் அகலம்கூட நகர்ந்திருக்காது. இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் வீடே அதிர்கிறது; பின்னால் கொண்டுவந்தால் ஒலி அணைந்துவிடுகிறது. அதைவிட மோசமானது இடம் வலம் சமநிலை. வழக்கமான கார்பன் தட வால்யூம் கட்டுப்பாட்டில் இரண்டு தடங்கள் ஒரே அச்சில் சுழல்கின்றன. நடுப்பகுதியில் அவை நன்றாக ஒத்துப்போகும். அடிப்பகுதியில் 2, 3 டெசிபெல் வேறுபாடு சாதாரணம். அந்த அளவு வேறுபட்டால் பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் ஒரு ஸ்பீக்கர் பக்கமாகச் சரிந்துவிடும்.

இதைச் சோதிக்க நம்மிடம் நல்ல கருவி இருக்கிறது. 1950களின் தமிழ்த் திரைப்பாடல் பதிவுகள் மோனோ, அதாவது இரு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே சிக்னல். கடையில் அப்படியொரு பாடலைப் போட்டு, நீங்கள் வீட்டில் கேட்கும் மெல்லிய ஒலிக்குக் குமிழை இறக்குங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நட்டநடுவில் அசையாமல் இருக்க வேண்டும். கடைக்காரர்கள் எப்போதும் சத்தமாகவே போட்டுக் காட்டுவார்கள். நீங்கள் மெல்லியதாகக் கேளுங்கள். ப்ரீஆம்ப்பின் தரம் அங்கேதான் வெளிப்படும்.

வால்யூம் எப்படி இயங்குகிறது என்று கேட்காமல் வாங்குவதும் இதே தவறின் இன்னொரு முகம். ரிலேக்களும் மின்தடைகளும் கொண்ட படிநிலைக் கட்டுப்பாடும், சிஎஸ்3310, பிஜிஏ2310 போன்ற வால்யூம் சிப்களும் இரு சேனல்களையும் நடைமுறையில் ஒன்றாகவே இறக்குகின்றன. இந்த இரு சிப்களும் அரை டெசிபெல் படிகளில் நகர்பவை. சிப் என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு. மெல்லிய ஒலியில் அதிகம் கேட்பவருக்குச் சுமாரான கார்பன் தடத்தைவிட இந்தச் சிப் மேலானது என்பதே என் உறுதியான கருத்து. ஏற்கெனவே பெருக்கம் மிகுந்த ப்ரீஆம்ப்பை வாங்கிவிட்டவர்கள் அதை விற்க வேண்டியதில்லை. உள்ளே பெருக்கத்தைக் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ப்ரீஆம்ப்புக்கும் பவர் ஆம்ப்புக்கும் இடையே 10 டெசிபெல் குறைக்கும் சிறு செருகிகளைப் போட்டுக்கொள்ளலாம்.

பெருக்கம் வேண்டாம் என்று தெரிந்ததும் சிலர் மறு எல்லைக்கு ஓடி, மின்சாரமே தேவைப்படாத பாசிவ் ப்ரீஆம்ப்பை வாங்குகிறார்கள். குட்டையான கேபிளும் 10 கிலோஓம் வால்யூம் கட்டுப்பாடும் இருந்தால் அது நன்றாகவே வேலை செய்யும். 50 கிலோஓம் கட்டுப்பாடு என்றால் அதன் வெளியீட்டு இம்பீடன்ஸ் பாதி நிலையில் 12.5 கிலோஓம் வரை ஏறிவிடும். அதோடு மீட்டருக்கு 100 பிகோஃபாரட் மின்தேக்குத்திறன் உள்ள கேபிளை 5 மீட்டருக்கு இழுத்தால் 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 2 டெசிபெல் காணாமல் போகிறது. நடுவழி ஒன்று இருக்கிறது: பெருக்காமல் இம்பீடன்ஸை மட்டும் தாழ்த்தித் தருகிற பஃபர். அமெரிக்க ஆம்ப் வடிவமைப்பாளர் நெல்சன் பாஸ் 2008இல் வெளியிட்ட பி1 இந்த வகை. ஒரு வீட்டு ஸ்டீரியோவுக்குப் பெரும்பாலும் இவ்வளவு போதும்.

இம்பீடன்ஸைப் பொறுத்தவரை விதி எளிது. பவர் ஆம்ப்பின் உள்ளீட்டு எண், ப்ரீஆம்ப்பின் வெளியீட்டு எண்ணைப் போல் பத்து மடங்காவது இருக்கட்டும். சாலிட் ஸ்டேட் ப்ரீஆம்ப்பின் வெளியீடு பொதுவாகச் சில நூறு ஓம்களுக்குள் இருப்பதால் இங்கே சிக்கல் அரிது. வெளியீட்டில் டிசி எனும் நேர்மின்னோட்டத்தைத் தடுக்கும் சிறிய கபாசிட்டர் இருக்கும் கருவிகளில் மட்டும் கவனம் தேவை. 1 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் 47 கிலோஓம் உள்ளீட்டுக்கு முன்னால் 3.4 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்; 10 கிலோஓம் உள்ளீடு என்றால் 16 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் சரிந்துவிடும்.

விளம்பரத் தாளில் வரும் சிக்னல் இரைச்சல் விகிதத்தை அப்படியே நம்புவதும் வழக்கமான தவறு. ஒரு ப்ரீஆம்ப்பின் வெளியீட்டில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருக்கிறதென்று வையுங்கள். 2 வோல்ட்டோடு ஒப்பிட்டால் 86 டெசிபெல். அதே கருவியை அதன் உச்ச வெளியீடான 10 வோல்ட்டோடு ஒப்பிட்டு 100 டெசிபெல் என்று அச்சடிக்கலாம். இரண்டும் உண்மை, கருவி ஒன்றுதான். எந்த வோல்ட்டோடு ஒப்பிட்டார்கள் என்று குறிக்காத எண்ணுக்கு மதிப்பில்லை. அந்த 100 மைக்ரோவோல்ட் நம் பவர் ஆம்ப்பில் 28 மடங்காகி 2.8 மில்லிவோல்ட்டாக ஸ்பீக்கரை அடைகிறது. 87 டெசிபெல் ஸ்பீக்கரில் அது ஒரு மீட்டர் தொலைவில் 27 டெசிபெல் சீறல். மின்விசிறி ஓடும் அறையில் யாருக்கும் கேட்காது. 105 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கரில் அதுவே 45 டெசிபெல். உட்கார்ந்த இடத்திலேயே கேட்கும். வால்யூமைச் சுழியத்தில் வைத்து ட்வீட்டரில் காதை வைத்துக் கேட்டால் உங்கள் வீட்டில் நிலைமை எப்படி என்று தெரிந்துவிடும்.

இசைத்தட்டு கேட்பவர்கள், அதற்கான உள்ளீட்டைக் குறிக்கும் ‘ஃபோனோ’ என்ற ஒரு சொல்லோடு நிற்கக் கூடாது. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜில் இரண்டு முக்கிய வகைகள். மூவிங் மேக்னெட் வகை 3 முதல் 5 மில்லிவோல்ட் தரும். அதற்கு 40 டெசிபெல் பெருக்கமும் 47 கிலோஓம் சுமையும் வேண்டும். மூவிங் காயில் பலவும் அரை மில்லிவோல்ட்டைத் தாண்டாதவை. அவற்றுக்கு 60 டெசிபெல் அளவில் வேண்டும். எது உங்களிடம் இருக்கிறதோ அதற்கு ஃபோனோ பகுதி பொருந்த வேண்டும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ஃபோனோ பகுதி இருந்தால் இரண்டில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள். இரண்டும் சேர்ந்தால், இசைத்தட்டில் குறைத்துப் பதிந்த பாஸை மீட்டெடுக்கும் ஆர்ஐஏஏ திருத்தம் இருமுறை நடந்து, பாஸ் குழம்பி ஒலி உடைந்து வரும்.

எக்ஸ்எல்ஆர் துளை இருந்தால் உள்ளே சுற்று பேலன்ஸ்டு (சிக்னலை எதிரெதிரான இரு கம்பிகளில் அனுப்பி, வழியில் சேரும் இரைச்சலை நீக்கும் முறை) என்று பொருளல்ல. ஒன்றரை மீட்டர் கேபிளுக்கு அதைப் பற்றிக் கவலைப்படவும் வேண்டாம். பவர் ஆம்ப்பை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வைத்து ஏழெட்டு மீட்டர் கேபிள் இழுப்பவருக்குத்தான் அது உண்மையில் உதவும். சிக்னலைப் பெருக்கும் ஆப்ஆம்ப் சிப்பைக் கழற்றி விலை உயர்ந்ததை மாட்டும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். என்இ5532 என்ற எளிய சிப், பதிவுக்கூட மிக்ஸர்களில் பல்லாண்டுகள் கொத்துக் கொத்தாக உழைத்தது. வேகமான புதிய சிப்பைப் பழைய பலகையில் செருகினால் அது காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் தானாகவே அதிரத் தொடங்கக்கூடும்.

வெளிநாட்டிலிருந்து பழைய கருவி தருவிப்பவர்கள் பின்பக்கத்தைப் பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம். இந்தியாவிலும் இலங்கையிலும் 230 வோல்ட். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120. மாற்று சுவிட்ச் இல்லாத ஜப்பானியக் கருவியை நம் பிளக்கில் நேரடியாகச் செருகினால் அதோடு கதை முடிந்தது. பிரிட்டிஷ் நிறுவனமான நேய்மின் பழைய ப்ரீஆம்ப்புகள் பலவற்றுக்குச் சொந்த மின்வழங்கியே கிடையாது. அதே நிறுவனத்தின் பவர் ஆம்ப்பிலிருந்தோ தனிப் பெட்டியிலிருந்தோ மின்சாரம் பெறுபவை. மலிவாகக் கிடைக்கிறதே என்று ப்ரீஆம்ப்பை மட்டும் வாங்கினால் அது அலமாரியில்தான் இருக்கும். எந்தப் பழைய கருவியிலும் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்து டிசி பாருங்கள். 10 மில்லிவோல்ட் கசிந்தால், கபாசிட்டர் தடுப்பில்லாத பவர் ஆம்ப் அதை 0.28 வோல்ட்டாக்கி வூஃபருக்கு அனுப்பும்.

ஸ்பீக்கரில் ஹம் (தொடர்ந்த ரீங்காரம்) வந்தால் எர்த் பின்னைத் துண்டிப்பது பரவலாகச் சொல்லப்படும் யோசனை. தயவுசெய்து செய்யாதீர்கள். உலோகப் பெட்டிக்குள் ஒரு கம்பி விலகினால் அந்தப் பின்தான் உங்கள் உயிரைக் காக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே பலகையிலிருந்து இணைத்துப் பாருங்கள். கணினியையோ செட்டாப் பாக்ஸையோ ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். குற்றவாளி கிடைத்ததும் அந்த ஒன்றுக்கு மட்டும் தனிமைப்படுத்தும் சிக்னல் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்.

கடைசியாக, இரண்டு ப்ரீஆம்ப்புகளை ஒப்பிடும் முறை. சற்றே சத்தமாக ஒலிப்பது எப்போதும் தெளிவாகவும் உயிரோட்டமாகவும் தோன்றும். 1 டெசிபெல் என்பது வோல்ட்டேஜில் 12 சதவீதம்தான். சத்தம் கூடியதாகப் பிடிபடாமலேயே தீர்ப்பை மாற்றிவிடும். 200 ஹெர்ட்ஸ் சோதனை ஒலி ஒன்றைப் போட்டு ஸ்பீக்கர் முனைகளில் ஏசி வோல்ட்டேஜ் அளவுங்கள். சாதாரண மல்டிமீட்டர் அந்த அதிர்வெண்ணில் நம்பத் தகுந்ததே. முதல் கருவியில் 1 வோல்ட் என்றால் இரண்டாவதிலும் ஒரு சதவீதத்துக்குள் 1 வோல்ட்டே வரும்வரை குமிழைத் திருத்துங்கள். பிறகு நன்றாகத் தெரிந்த பாடல் ஒன்றைப் போட்டு, எந்தக் கருவி ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்லாமல் வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.