வன்னியில் 1930இன் ஜேர்மன் பாட்டுப்படம் ஒன்றைத் திரையிடுவது எப்படி

சனசமூக நிலையத்தில் படம் போடுகிறோம் என்றால் எல்லாரும் விஜய் படம்தான் கேட்பார்கள். பரவாயில்லை. ஒருநாள் மட்டும் ‘டீ டிரை ஃபொன் டேர் டாங்க்ஸ்டெல்லெ’யைப் போட்டுப் பாருங்கள். பெயர் வாயில் நுழையாது, நோட்டீசில் ‘பெற்றோல் செட்டில் மூன்று பேர்’ என்று எழுதினால் போதும்.

ஊர்சுற்றி வீடு திரும்பும் மூன்று நண்பர்களுக்குக் கையில் காசில்லை, வீட்டுத் தளபாடங்களைக் கடனுக்காக அதிகாரிகள் தூக்கிக்கொண்டு போகிறார்கள், அதையும் மூவரும் பாட்டாகவே பாடுகிறார்கள். பிறகு நடுவழியில் கார் பெற்றோல் இல்லாமல் நிற்க, அந்த இடத்திலேயே செட் போடலாம் என்று யோசனை வருகிறது. மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய சனத்துக்கும் 2022இல் பெற்றோல் வரிசையில் காய்ந்த சனத்துக்கும் இதை விளங்கப்படுத்தவே தேவையில்லை. மூவரும் முறைபோட்டு வேலை செய்வதால், பெற்றோல் அடிக்க வரும் ஒரே பெண்ணில் மூவருக்கும் தனித்தனியே காதல்!

தேடும்போது கறுப்பு வெள்ளைப் படத்தையே எடுங்கள். கலரில் இருப்பது 1955இல் திரும்ப எடுத்தது. பிரெஞ்சில் பேசினால் அது ‘ல ஷ்மன் து பரதி’, அதே காலத்தில் பிரான்சுக்காக எடுத்த வடிவம். கதாநாயகி லிலியன் ஹார்வி இரண்டிலும் நடித்தார்.

கஷ்டமான வேலை தமிழ் உபதலைப்புத்தான். ஜேர்மனியில் வளர்ந்த மச்சாளோ மருமகனோ இல்லாத வீடு நம்மிடையே குறைவு, வாட்ஸப்பில் பிடித்து வசனத்தைச் சொல்லச் சொல்லுங்கள். நோட்பாடில் இலக்கம், நேரம் (00:01:23,500 --> 00:01:26,000 என்ற மாதிரி, கமாவை விட்டுவிடாதீர்கள்), வசனம், ஒரு வெற்று வரி என்று எழுதி யூடிஎஃப்-8 (UTF-8) எழுத்துமுறையில் எஸ்ஆர்டி (.srt) கோப்பாகச் சேமியுங்கள், இல்லாவிட்டால் தமிழுக்குப் பதில் கேள்விக்குறிதான் வரும். படக் கோப்பின் பெயரையே இதற்கும் வைத்தால் விஎல்சி (VLC) பிளேயர் தானாக எடுத்துக்கொள்ளும். வசனம் முந்தினாலோ பிந்தினாலோ ஜி (G), எச் (H) விசைகளால் சரிசெய்யலாம்.

பாட்டுக்கு எதுகை மோனை தேடாதீர்கள், பொருள் விளங்கினால் காணும். நட்பைப் பற்றிய ‘ஐன் ஃப்ரொய்ண்ட், ஐன் கூட்டர் ஃப்ரொய்ண்ட்’ பாட்டுக்கு முதல் தடவை மட்டும் வரிகளைப் போட்டுவிட்டு, பல்லவி திரும்ப வரும்போது திரையைச் சும்மா விடுங்கள். அவர்கள் ஆடுவதைச் சனம் பார்க்கட்டும்.

வெளியே போடுவதென்றால் மாரிக்கு முன்பே, நன்றாக இருட்டிய பிறகு. பழைய ஒலி, அதனால் பேஸை (bass, அடித்தொனியை) குறையுங்கள். கோயில் திருவிழாப் பெட்டிகளை அடுக்கினால் ஒரு சொல்லும் பிடிபடாது. முக்கியமாக, கடைசியில் காதலர் இருவரும் திரைச்சீலைக்கு முன்னால் வந்து, சனம் இன்னும் எழும்பாமல் இருக்கிறதே என்று நம்மையே பார்த்துப் பேசுவார்கள். உடனே லைற்றைப் போட்டுவிடாதீர்கள், பெரிய ஆட்டம் ஒன்று அதற்குப் பிறகுதான்.

படத்துக்கு முன்னால் உரை வேண்டாம், என்னைக் கேட்டால் அது சிரிப்பைக் கெடுக்கும். முடிந்த பிறகு, இருக்கிறவர்களுக்குச் சொல்லுங்கள்: இயக்குநர் வில்ஹெல்ம் தீலே, தயாரிப்பாளர் எரிக் பொம்மர், இசையமைத்த வெர்னர் ரிச்சார்ட் ஹைமன், பாட்டெழுதிய ரொபேர்ட் கில்பேர்ட் எல்லாருமே நாசிகள் வந்தபின் நாட்டைவிட்டுப் போக வேண்டியிருந்தது. 1937இல் படத்துக்கே தடை. வழக்கறிஞராக வந்து சிரிக்கவைத்த குர்ட் கெரோன் 1944இல் அவுஷ்விட்ஸ் வதைமுகாமில் கொல்லப்பட்டார். ஹைமன் ஹொலிவூட் போய் இயக்குநர் லூபிட்ஷின் ‘நினோச்கா’வுக்கு இசையமைத்தார். மூன்று நண்பர்களில் இருவராக நடித்த வில்லி ஃப்ரிட்ஷும் ஹைன்ஸ் ரூமனும் ஜேர்மனியிலேயே தங்கி, அந்த ஆட்சியிலும் நடித்துக்கொண்டிருந்தார்கள். இதில் வாக்குவாதம் வரும், வரட்டும், தேத்தண்ணியை அந்த நேரத்துக்கு வைத்திருங்கள்.

சனத்துக்குப் பிடித்திருந்தால் அடுத்தது 1931இன் ‘டேர் கொங்ரெஸ் டான்ஸ்ட்’. பொம்மர், ஹைமன், கில்பேர்ட் கூட்டுத்தான் அதிலும், ஹார்வியும் ஃப்ரிட்ஷும் உண்டு. குதிரைவண்டியில் போய்க்கொண்டே ஹார்வி பாடும் பாட்டை மட்டும் முதலில் போட்டுக் காட்டுங்கள்.