எம்எக்ஸ்-5 கிளட்ச்சும் கடைசி ஒரு சென்டிமீட்டரும்

ரேம்ப் இல்லாத வீட்டில், நான்கு ஸ்டாண்டில் வண்டியை ஏற்றிவைத்து கிளட்ச் மாற்ற முடியுமா? முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 என்றால் தாராளமாக முடியும். எஞ்சின் முன்னால் நீளவாக்கில் இருக்கிறது, அதன் முதுகில் கியர்பாக்ஸ், ஓடுவது பின்சக்கரம். எஞ்சினை அப்படியே விட்டுவிட்டு கியர்பாக்ஸை மட்டும் இறக்கினால் போதும், கிளட்ச் கண்ணெதிரே வந்துவிடும்.

1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான வண்டி இது. எல்லாத் தலைமுறையும் சேர்த்து உற்பத்தி 2016-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. இங்கிலாந்தில் பழையவை இன்னும் நிறைய ஓடுகின்றன. ஆகவே கிளட்ச் தேய்ந்துபோய் யோசனை கேட்டு வரும் தம்பிகளுக்குப் பஞ்சமில்லை. வருகிறவர்கள் எல்லாரும், நான் அந்தக் காலத்தில் அடித்த கூத்தையே வரிசை மாறாமல் அடிக்கிறார்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, பேட்டரி வயரைக் கழற்று என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். தெரியாமல் செய்யும் தப்புகளை மட்டும் ஒவ்வொரு தலைப்பாக எழுதுகிறேன்.

தேயாத கிளட்ச்சை மாற்றுவது

"அண்ணா, கியர் விழ மாட்டேங்குது, கிளட்ச் போச்சு" என்று வருவார்கள். பெரும்பாலும் கிளட்ச் போயிருக்காது. இந்த வண்டியில் பெடலுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே வேலை செய்வது பிரேக் ஃப்ளூயிடின் அழுத்தம். அந்த அழுத்தத்தை வாங்கி கிளட்ச்சைத் தள்ளும், கியர்பாக்ஸின் பக்கவாட்டில் மாட்டியிருக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது இந்த மாடலில் ரொம்பப் பழைய வியாதி. கசிந்தால் பெடல் தொளதொளவென்று இறங்கும், கியர் கடித்துக்கொண்டு விழும். சிலிண்டரின் ரப்பர் உறையை லேசாக விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் தெரிந்தால் விஷயம் அங்கேதான். இரண்டு போல்ட், ஒரு பைப், ஒரு மாலை வேலை.

உண்மையிலேயே தேய்ந்த கிளட்ச் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கியர் சுகமாக விழும், ஆனால் பிடிப்பு இருக்காது. காலியான ரோட்டில் மெதுவாகப் போய்க்கொண்டே நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை முழுசாக மிதியுங்கள். வேகம் கூடாமல் ஆர்பிஎம் முள் மட்டும் மேலே ஏறினால் பிளேட், அதாவது எஞ்சின் சுழற்சியைப் பிடித்து கியர்பாக்ஸுக்குக் கொடுக்கும் உராய்வுத் தட்டு, தேய்ந்துவிட்டது. அப்புறம் ஸ்பேனரை எடுக்கலாம்.

தப்பான கிட்

கிளட்ச் பாகங்கள் ஒரே பெட்டியில், கிட்டாக வரும். 1.6 லிட்டர் எஞ்சினுக்கு 200 மி.மீ. பிளேட், 1.8-க்கு 215. பழைய ஓனர் 1.6-இல் 1.8-இன் ஃப்ளைவீலை (எஞ்சினின் முதுகில் சுழலும் கனமான சக்கரம், பிளேட் பிடிப்பது இதைத்தான்) போட்டிருக்கலாம், அதுவும் நடக்கிற விஷயம்தான். பழைய பில் இருந்தால் பாருங்கள். இல்லாவிட்டால் கியர்பாக்ஸை இறக்கி, அளந்த பிறகு வாங்குங்கள்.

கியர் லீவர்

கேபினுக்குள் போய் முதலில் அதைக் கழற்றுங்கள்.

நடு இரும்பை அளக்காமல் கழற்றுவது

இந்த வண்டியில் கியர்பாக்ஸின் வாலைத் தாங்க பாடியில் தனி மவுண்ட் கிடையாது. பவர் பிளான்ட் ஃபிரேம் என்ற நீள அலுமினியச் சட்டம் ஒன்று கியர்பாக்ஸையும் பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலையும் இணைக்கிறது. அலுமினியமானாலும் எங்கள் ஆட்கள் அதை நடு இரும்பு என்றே சொல்வார்கள். கழற்றிய அடுத்த நொடி கியர்பாக்ஸின் வால் தொங்கிவிடும், அதனால் ஜாக்கியை முன்கூட்டியே முட்டுக் கொடுத்துவிடுங்கள். இது பலருக்குத் தெரியும். திரும்ப மாட்டும்போது வால் எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் யோசிப்பதில்லை. போல்ட்டை முறுக்கிவிட்டு ஓட்டிப் பார்த்தால் வண்டி முழுக்க ஒரு நடுக்கம். கழற்றும் முன்பே நேரான கம்பி ஒன்றைக் குறுக்கே பிடித்து, சட்டத்தின் அடிப்பகுதி பாடியிலிருந்து எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்று குறித்துவையுங்கள். மாட்டும்போது ஜாக்கியால் வாலை அதே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு போல்ட்டை இறுக்குங்கள்.

கியர்பாக்ஸ் வாலை இறக்கும்போது எஞ்சினும் பின்பக்கம் சாயும். எஞ்சின் தலையின் பின்புறம் ஒரு கேம் சென்சார் இருக்கிறது. ஒரு ஆளை மேலே நிறுத்தி, அது கேபின் சுவரில் இடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

போல்ட்டை வைத்து கியர்பாக்ஸை இழுப்பது

இதைப் பார்த்தால் இன்னமும் எனக்கு எரிச்சல் வரும்.

புது பிளேட், அதை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் புது பிரஷர் பிளேட் எல்லாம் மாட்டியாயிற்று. கியர்பாக்ஸை ஜாக்கியில் தூக்கி முன்னால் தள்ளுகிறோம். வழுக்கிக்கொண்டு போகிறது, போகிறது, எஞ்சினுக்கும் பெல் ஹவுசிங்குக்கும் (கியர்பாக்ஸின் மணி வடிவ முன் கூடு) நடுவே விரல் தடிமன் இடைவெளி இருக்கும்போது நின்றுவிடுகிறது. தள்ளினாலும் போகாது, ஆட்டினாலும் போகாது. முதுகு வலிக்கிறது, இருட்டுகிறது, மறுநாள் வேலைக்குப் போக இந்த வண்டிதான் வேண்டும். அப்போதுதான் அந்த யோசனை வரும்: "சுத்தி நாலு போல்ட்டைப் போட்டு டைட் வெச்சா தானா வந்துடும்."

வரும். வந்ததைத்தான் பக்கத்துத் தெருத் தம்பி காட்டினான். போல்ட்டை மாற்றி மாற்றி இறுக்கியிருக்கிறான். இடைவெளியும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. பாதியில் 'டக்' என்று ஒரு சத்தம். ஏதோ சரியாக உட்கார்ந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டு மிச்சத்தையும் இறுக்கிவிட்டான். ஸ்டார்ட் செய்தால் பெடலை அடிவரை மிதித்தாலும் ரிவர்ஸ் கிரீச்சென்று கத்துகிறது. திரும்ப எல்லாவற்றையும் இறக்கினோம். புது பிளேட்டின் நடுக்குடம் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. பெல் ஹவுசிங்கில் போல்ட் நுழையும் காது ஒன்றில் நீளமாக விரிசல். பெட்டியைப் பிரித்த கையோடு ஒரு கிட் குப்பைக்குப் போயிற்று. பழைய கியர்பாக்ஸ் ஒன்றையும் தேட வேண்டியதாயிற்று. பெல் ஹவுசிங் அலுமினியம். அதை வளைத்து நிமிர்த்த முடியாது, அது உடையத்தான் செய்யும்.

உள்ளே நடப்பது இதுதான். கியர்பாக்ஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இன்புட் ஷாஃப்ட் இரண்டு இடங்களில் நுழைய வேண்டும். அதன் பல்வரிசை பிளேட்டின் நடுக்குடத்துப் பல்லோடு பொருந்த வேண்டும், நுனி ஃப்ளைவீலின் நடுவில் உள்ள பைலட் பேரிங்கின் ஓட்டைக்குள் போக வேண்டும். பிளேட் ஒரு மி.மீ. நகர்ந்திருந்தாலும் நுனி பேரிங்கின் விளிம்பில் போய் முட்டும். அந்த நிலையில் போல்ட்டை இறுக்கினால் அத்தனை விசையும் பிளேட்டின் மேலும் பேரிங்கின் மேலும் இறங்குகிறது. கோணிய பிளேட் ஃப்ளைவீலை விட்டு முழுசாக விலகாது. ரிவர்ஸ் கத்துவது அதனால்தான்.

கடைசி ஒரு சென்டிமீட்டர் கையாலேயே போக வேண்டும். போகவில்லை என்றால் ஏதோ தடுக்கிறது, அது எதுவென்று தேடுங்கள்.

முதலில் இடைவெளியைச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். மேலே அகலமாகவும் கீழே குறுகியும் இருந்தால் கியர்பாக்ஸின் வால் தாழ்ந்திருக்கிறது, ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கீழே அகலம் என்றால் வாலை இறக்குங்கள். சுற்றிலும் இடைவெளி ஒரே அளவாக வந்தால்தான் ஷாஃப்ட் நேராக நிற்கிறது என்று அர்த்தம். அப்படியும் போகாவிட்டால் கியரில் போட்டு, கியர்பாக்ஸின் பின்பக்க ஷாஃப்ட்டைக் கையால் மெதுவாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். பல்லுக்குப் பல் சிக்கும் இடத்தில் சட்டென்று உள்ளே போகும்.

அதற்கும் மசியவில்லையா? வயர் ஏதாவது நடுவில் மாட்டியிருக்கிறதா, கிளட்ச்சை விடுவிக்கும் நெம்புகோலான ரிலீஸ் ஃபோர்க் தன் குமிழிலிருந்து நழுவியிருக்கிறதா, கியர்பாக்ஸை நேராக உட்கார வைக்க எஞ்சின் பிளாக்கில் துருத்தி நிற்கும் இரண்டு டவல் பின்களில் துரு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இங்கே குளிர்காலத்தில் ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள், துருவுக்குக் குறைவே இல்லை. கம்பி பிரஷ்ஷால் அந்தப் பின்களைத் தேய்த்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். எல்லாம் சரியாக இருந்தும் போகாவிட்டால் வெளியே இழுத்து, பிளேட்டை நடுவில் நிறுத்தும் அலைன்மென்ட் டூலை மறுபடி நுழைத்துப் பாருங்கள். அது தங்கு தடையில்லாமல் போய்வர வேண்டும். அரை மணி நேரம் கூடுதலாகும், ஆகட்டும்.

இன்னொரு உபாயம்: அதே மரையுள்ள நீளமான போல்ட் இரண்டை வாங்கி, தலையை அறுத்துவிட்டு எஞ்சின் பிளாக்கில் எதிரெதிராகத் திருகுங்கள். கியர்பாக்ஸ் அவற்றின் மேல் தண்டவாளத்தில் போவதுபோல வரும். கையை எடுத்தாலும் அதன் முழு எடையும் இன்புட் ஷாஃப்ட்டில் தொங்காது. அப்படித் தொங்கவிட்டாலும் பிளேட் கோணும் என்பதை மறக்க வேண்டாம்.

பிளேட்டை மட்டும் மாற்றுவது

இவ்வளவு தூரம் இறக்கிவிட்டு ரிலீஸ் பேரிங் (ஃபோர்க் தள்ளும் பேரிங்), பைலட் பேரிங், எஞ்சினின் பின் ஆயில் சீல் இவற்றை விட்டுவைப்பது கஞ்சத்தனம்கூட இல்லை, நஷ்டம். சீல் கசிந்தால் ஆயில் நேராகப் புது பிளேட்டில்தான் போய் விழும். ஃப்ளைவீலை மாட்டும்போது போல்ட் மரையில் சீலண்ட் தடவுங்கள், அந்த வழியாகவும் ஆயில் கசியும். இறுக்கம் ஏறத்தாழ 100 நியூட்டன் மீட்டர். பிரஷர் பிளேட் போல்ட்டுக்கு அதில் கால்பங்குதான். ஒரே கையால் இரண்டையும் ஒரே மாதிரி முறுக்கினால் சின்ன போல்ட் கையோடு வந்துவிடும்.

கிரீஸ்

ஷாஃப்ட் பல்லில் விரலால் மெல்லிசாக. பிளேட்டை ஒருமுறை நுழைத்து எடுத்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுழலும்போது தெறித்து பிளேட்டின் முகத்தில் ஒட்டும்.

தூசியை ஊதுவது

பழைய பிளேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடிக்காதீர்கள், பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

கழற்றியபின் பெடலை மிதிப்பது

ஸ்லேவ் சிலிண்டர் தொங்கிக்கொண்டிருக்கும்போது மிதித்தால் உள்ளே இருக்கும் பிஸ்டன் வெளியே வந்து விழும். காருக்குள் விளையாடும் குழந்தைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

அன்றைக்கே ரேஸ் விடுவது

புது பிளேட் ஃப்ளைவீலோடு பழக முதல் சில நூறு மைல் ஊருக்குள், சிக்னலுக்கு சிக்னல் நின்று நின்று ஓட்டுங்கள். நான்காவது கியர் சோதனையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.